பதினான்கு வயதில் எத்தனை பாடம்?

கேள்வி: எங்கள் ஊர் பொள்ளாச்சிக்குப் பக்கம். மகளை ஆறாம் வகுப்பு முடிந்ததும் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டோம். அன்றிலிருந்து வீட்டில்தான் படிக்கிறாள். அடுத்த மாதம் பதினான்கு வயது முடிகிறது. என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யப் போகிறோம். ஒரு மாதம் கால்நடை மருத்துவர் ஆக வேண்டும் என்கிறாள், அடுத்த மாதம் ஆர்க்கிடெக்ட் என்கிறாள். எந்த வழியும் அடைபட்டுவிடக் கூடாது என்று நானும் அவள் அப்பாவும் உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டோம். கடிதத்துடன் வைத்திருக்கிறேன். ஏழு பாடம், ஜே.இ.இ. என்ற பொறியியல் நுழைவுத்தேர்வுக்கான ஃபவுண்டேஷன் வகுப்பு, இந்தி, பிரெஞ்சு, கோடிங், வயலின். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் இரவு ஒன்பது ஆகிறது. அமெரிக்காவில் இருக்கும் கொழுந்தனார், அங்கே கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வையும் இப்போதே சேர்க்கச் சொல்கிறார். "பள்ளிக்கூடம் போகாத புள்ளைய எந்தக் காலேஜ்ல சேத்துக்குவாங்க" என்று மாமியார் தினமும் கேட்கிறார். அட்டவணை இவ்வளவு போதுமா, இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அட்டவணையைப் பார்த்தேன். சேர்க்க எதுவும் இல்லை. பாதிக்கு மேல் எடுத்துவிடலாம். எதையெல்லாம் எடுக்கலாம், எதில் கையே வைக்கக் கூடாது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த வயதில் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் உங்களைப் போன்றவர்கள். பள்ளியை விட்டு எடுத்துவிட்டோமே என்ற பயத்தில், பள்ளியில் இருக்கும் பிள்ளையைவிட இரண்டு மடங்கு படிக்க வைப்பார்கள். இன்னொரு பக்கம், பிள்ளைக்குச் சுமையே கூடாது என்று என்.ஐ.ஓ.எஸ். பட்டியலில் சுலபமாகத் தெரியும் பாடங்களாகப் பொறுக்கி எடுப்பவர்கள். முதல் வகைப் பிள்ளை களைத்துப்போகும். சுமையைக் குறைத்தால் தேறிவிடும். இரண்டாவது வகைக்குத்தான் எனக்குக் கவலை அதிகம். அந்தப் பிள்ளை பதினேழு வயதில் கல்லூரி விண்ணப்பத்தைத் திறந்து, தகுதி என்ற பத்தியைப் படிக்கும்போதுதான் விஷயமே தெரியவரும். அப்போது செய்வதற்கு அதிகம் இருக்காது. நீங்கள் முதல் வகை என்பதில் எனக்கு நிம்மதி.

பத்தாம் வகுப்பிலிருந்து யோசிக்காதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் மகள் கையில் எந்த ஐந்து பாடம் இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு அங்கிருந்து பின்னால் வாருங்கள். மகள் சொல்லும் இரண்டு ஆசையையும் எடுத்துக்கொள்வோம்.

கால்நடை மருத்துவம்: தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில இடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து நிரப்புகிறது. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்குத்தான் நீட். உயிரியல், இயற்பியல், வேதியியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். உடுமலைப்பேட்டையிலேயே இப்போது கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆர்க்கிடெக்சர்: நாட்டா என்ற நுழைவுத்தேர்வு. பன்னிரண்டில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம். அதோடு ஆங்கிலம். ஐந்து பாடம் முடிந்தது.

மாநில வாரியத்தில் "பயோ மேத்ஸ்" குரூப் எடுக்கும் பிள்ளைகள் இதே ஐந்தோடு தமிழையும் சேர்த்து ஆறு பாடம் எழுதுகிறார்கள். ஆக, உங்கள் மகளுக்கு ஊரில் மற்றப் பிள்ளைகளைவிட ஒரு தாள் குறைவு. இந்த ஐந்தை வைத்துக்கொண்டு பொறியியல் கலந்தாய்வுக்குப் போகலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். மனம் மாறினால் நீட் எழுதலாம். ஐசர் என்கிற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத்தேர்வில் இந்த நான்கு அறிவியல் பாடங்களிலிருந்தும் பதினைந்து பதினைந்து கேள்வி, மொத்தம் 60. உயிரியலையோ கணிதத்தையோ விட்ட பிள்ளை அங்கே கால்வாசிக் கேள்வித்தாளைப் படிக்காமலே உட்கார வேண்டும். நாளைக்கே "எனக்குச் சட்டம் படிக்க வேண்டும்" என்று சொன்னாலும் கிளாட் தேர்வுக்கு எந்தப் பிரிவில் பன்னிரண்டு முடித்திருந்தாலும் சரி. அறிவியல் எடுத்த பிள்ளை வரலாற்றுக்கோ வணிகவியலுக்கோ சட்டத்துக்கோ மாறிப் போவதற்குப் பெரும்பாலும் தடை இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரத்தான் முடியாது. பதினான்கு வயதில் மனம் நிலைக்காத பிள்ளைக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

கணிதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என்.ஐ.ஓ.எஸ்.ஸில் பத்தாம் வகுப்பைக் கணிதமே இல்லாமல் முடிக்கலாம். ஹோம் சயின்ஸ், ஓவியம், டேட்டா என்ட்ரி, பிசினஸ் ஸ்டடீஸ், உளவியல் என்று ஒரு வரிசை இருக்கிறது. ஒரு மொழியோடு அதில் நான்கை எடுத்து எழுதினால் சான்றிதழ் வந்துவிடும். படிப்பே பிடிக்காத பிள்ளைக்கு அது நல்ல வசதி. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு கொஞ்சம் தகராறு செய்கிறது என்பதற்காக மட்டும் அந்த வழியில் போனால் பின்னால் வருத்தப்பட வேண்டிவரும். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயன்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ. வேண்டாம், அவர்களே நான்கு வாரம் பாடம் நடத்தி, ஒரு தகுதித்தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான படிப்பு. அதற்கும் பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் இருக்க வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்ஸ் படிக்க, க்யூட் என்கிற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வில் கணிதம் எழுத வேண்டும். கலைப் பாடம் என்று நாம் நினைக்கும் இடத்திலும் கணிதம் வாசலில் நிற்கிறது.

அதனால் உங்கள் அட்டவணையில் நான் தொட மாட்டேன் என்று சொல்லும் ஒரே வரி, காலையில் இருக்கும் ஒரு மணி நேரக் கணக்கு. நாலு வருடமும் அது அப்படியே இருக்கட்டும்.

ஜே.இ.இ. ஃபவுண்டேஷன் வகுப்பை நிறுத்திவிடுங்கள். அந்த வகுப்புகளின் பாடத்தை எட்டிப் பார்த்தால் பதினோராம் வகுப்புப் பாடத்தை அரைகுறையாக முன்னால் இழுத்து வைத்திருப்பார்கள். பிள்ளைக்கு அல்ஜீப்ரா கை வராத நிலையில் வெக்டார் சொல்லிக் கொடுத்து என்ன பயன்? பத்தாம் வகுப்புக் கணக்கை யார் உதவியும் இல்லாமல் போடுகிற பிள்ளைக்குப் பதினொன்றில் தொடங்கினாலும் நேரம் இருக்கிறது. அவள் ஜே.இ.இ. எழுதப் போகிறாளா என்பதே இன்னும் தெரியாது.

எழுதுவதாக இருந்தால் மூன்று விஷயத்தை இப்போதே குறித்து வையுங்கள். ஜே.இ.இ.க்கு என்.ஐ.ஓ.எஸ். சான்றிதழ் செல்லும், குறைந்தது ஐந்து பாடம் இருக்க வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். என்.ஐ.டி.யிலும் ஐ.ஐ.டி.யிலும் சேரப் பன்னிரண்டில் 75 சதவீதம் எடுக்க வேண்டும், அல்லது வாரியத்தின் முதல் 20 பெர்சென்டைலுக்குள் வர வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 65 சதவீதம்; ஐ.ஐ.டி.யில் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவே. ஐ.ஐ.டி. அந்தச் சதவீதத்தைக் கணக்கிடுவது இயற்பியல், வேதியியல், கணிதம், ஒரு மொழி, இவை அல்லாத இன்னொரு பாடம் என்று ஐந்தையும் கூட்டித்தான். ஐந்தாவது பாடம்தானே என்று உயிரியலை ஒப்புக்கு எழுதினால் அங்கே அடிபடும்.

மூன்றாவதுதான் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது. என்.ஐ.ஓ.எஸ்.ஸில் பதிவு ஐந்து வருடம் செல்லும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு. ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு பாடமாக நிதானமாக எழுதி முடிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐ.ஐ.டி.க்கான இரண்டாம் கட்டத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டுமானால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை அந்த வருடமோ அதற்கு முந்தைய வருடமோ முதன்முதலாக எழுதியிருக்க வேண்டும். இந்த வருடம் வேதியியல், அடுத்த வருடம் இயற்பியல், அதற்கடுத்து கணிதம் என்று பிரித்து எழுதிய பிள்ளைக்கு "முதன்முதலாக" எந்த வருடம் என்ற கேள்வி வந்துவிடும். ஆகவே பன்னிரண்டில் அறிவியல் பாடங்களையும் கணிதத்தையும் ஒரே ஏப்ரலில் எழுத வையுங்கள். பிரித்து எழுதும் வசதி பத்தாம் வகுப்போடு இருக்கட்டும்.

பத்தாம் வகுப்புக்கு வருவோம். ஏழு பாடம் வேண்டாம். ஐந்து போதும்: தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். நீங்கள் கூடுதலாகப் போட்டிருக்கும் டேட்டா என்ட்ரியும் ஓவியமும் எந்தக் கல்லூரியிலும் ஒரு மதிப்பெண் கூடத் தரப் போவதில்லை. வரைவது மகளுக்குப் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவள் பாட்டுக்கு வரையட்டும். அதற்கு ஏன் தேர்வு?

தமிழை விட்டுவிட்டு இந்தி எடுக்கலாமா என்று அட்டவணை ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி இருந்தது. வேண்டாம். வீட்டில் பேசும் மொழியில் ஒரு பொதுத்தேர்வு எழுதி முடித்த பிள்ளைக்கு வரும் தெம்பு வேறு. இந்தியும் பிரெஞ்சும் பிறகு எப்போது வேண்டுமானாலும் கற்கலாம். பதினேழு வயதில் ஒரு மொழியை ஆரம்பிப்பவர்கள் ஏராளம். பதினேழு வயதில் பின்னக் கணக்கை ஆரம்பிப்பது கஷ்டம்.

இந்த ஐந்தையும் தினமும் படிக்க வேண்டியதில்லை என்பது வீட்டில் படிப்பதன் பெரிய லாபம். அதை நீங்கள் பயன்படுத்தவே இல்லை. பள்ளியில் ஒரு நாளைக்கு எட்டு பீரியட் வைப்பதற்குக் காரணம் ஆசிரியர்கள் பல வகுப்புக்கும் போக வேண்டும் என்பது. உங்கள் வீட்டில் அந்தக் கட்டாயம் கிடையாது. கணக்கு மட்டும் தினம். அதோடு ஒரு பெரிய பாடத்தை மூன்று மாதம், நான்கு மாதம் என்று தொடர்ந்து எடுத்து முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சமூக அறிவியல். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை அறிவியல். மொழிகள் இரண்டும் தினம் ஒரு மணி நேர வாசிப்பாகவும் வாரம் ஒரு கட்டுரையாகவும் ஓடிக்கொண்டே இருக்கும். ஜனவரியிலிருந்து பழைய வினாத்தாள்கள். மொழி வாசிப்பைத் தவிர, எந்த நாளிலும் மேசையில் இரண்டு பாடத்துக்கு மேல் இருக்காது. ஐந்து மணி நேரம் போதும், வாரத்தில் ஐந்து நாள். ஐந்து மணி நேரத்தில் பத்தாம் வகுப்புப் பாடம் ஏறவில்லை என்றால் பத்து மணி நேரத்திலும் ஏறாது.

முதல் ஏப்ரலில் ஐந்தையும் எழுதப் பாருங்கள். பிப்ரவரியில் கணக்கு இன்னும் தயாராகவில்லை என்று தோன்றினால் அதை மட்டும் அக்டோபருக்குத் தள்ளலாம். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: பத்து தேறியதற்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இரண்டு வருட இடைவெளி எதிர்பார்க்கிறார்கள், ஆகவே பத்தில் தள்ளுவது பன்னிரண்டையும் தள்ளும். அதேபோல் வேகமாக முடிக்கவும் ஆசைப்படாதீர்கள். என்.ஐ.ஓ.எஸ். பன்னிரண்டாம் வகுப்பில் சேரப் பதினைந்து வயது போதும். ஆனால் நீட் எழுதி அந்த வருடம் சேர வேண்டுமானால் டிசம்பர் 31க்குள் பதினேழு முடிந்திருக்க வேண்டும். சீக்கிரம் முடித்த பிள்ளை வீட்டில் காத்திருக்கும், அவ்வளவுதான்.

புத்தகம். என்.ஐ.ஓ.எஸ். அனுப்பும் புத்தகத்தைத் தேர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். படித்துப் புரிந்துகொள்ள, மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடப் புத்தகம்; நீட், ஜே.இ.இ., க்யூட் எல்லாம் அதை ஒட்டித்தான் வருகின்றன. கூடவே தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்களையும் தரவிறக்கி வையுங்கள், இலவசம். ஒரே பாடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. சவ்வூடு பரவலைத் தமிழில் படித்துப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுகிற பிள்ளை, ஆங்கிலத்தில் மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளையைவிட நன்றாகவே எழுதும்.

டி.எம்.ஏ. என்று சொல்லும் டியூட்டர் மார்க்டு அசைன்மென்டுக்கு 20 சதவீத மதிப்பெண். "சால்வ்டு டி.எம்.ஏ." என்று விலைக்கு விற்கிறார்கள்; வாங்காதீர்கள். நேர்மை ஒரு காரணம். இன்னொன்று, பாடத்திட்டத்தையே பொதுத்தேர்வுக்கு ஒரு பகுதி, டி.எம்.ஏ.வுக்கு ஒரு பகுதி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். டி.எம்.ஏ. பகுதியைக் காசு கொடுத்துக் கடந்துவிட்டால் அந்த அத்தியாயங்களை மகள் படிக்கவே மாட்டாள். நுழைவுத்தேர்வு நடத்துபவர்களுக்கு இந்தப் பிரிவினையெல்லாம் தெரியாது. பன்னிரண்டில் வந்து இது குத்தும்.

பதிவை நீங்களே என்.ஐ.ஓ.எஸ். இணையதளத்தில் செய்யுங்கள். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லையே என்று பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்புப் படிக்கும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும் சுய உறுதிமொழியே போதும். "பாஸுக்கு நாங்க கேரண்டி" என்று பேனர் வைத்திருக்கும் இடங்களின் பக்கமே போகாதீர்கள்.

ஸ்டடி சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் நேரில் போங்கள். பத்தாம் வகுப்பில் பெரிய வித்தியாசம் தெரியாது. பன்னிரண்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் செய்முறைத் தேர்வு உண்டு. அதற்கான ஆய்வகம் அங்கே உண்மையாகவே இருக்கிறதா, டைட்ரேஷன் கருவிகளைப் பிள்ளை கையால் தொட விடுவார்களா, வருடத்தில் எத்தனை நாள் திறப்பார்கள் என்று கேளுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் கல்லூரியில் முதல் செமஸ்டரில் திணறுவது பெரும்பாலும் லேபில்தான். பியூரெட்டைப் பிடித்துப் பழகாத கை உடனே தெரிந்துவிடும். தேவைப்பட்டால் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் கோடை விடுமுறையில் லேபைப் பயன்படுத்த அனுமதி கேளுங்கள். கேட்டால் கொடுக்கிற தலைமை ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

இப்போது காகித வேலை. பாடம் பற்றி இத்தனை யோசிக்கும் பெற்றோர் இதில் ஏமாந்துவிடுகிறார்கள். பொறியியல் கலந்தாய்வில் எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களிடம் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பதில்லை. உங்கள் மகளுக்கு எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பள்ளிப் பதிவே கிடையாது. பிறந்ததும் வளர்ந்ததும் பொள்ளாச்சியாகவே இருந்தாலும் காகிதத்தில் அதைக் காட்ட வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து நேட்டிவிட்டி சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சாதிச் சான்றிதழும் அப்படியே. ஆதார், பிறப்புச் சான்றிதழ், என்.ஐ.ஓ.எஸ். பதிவு மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஓர் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருந்தால் கவுன்சலிங் சமயத்தில் அலைய வேண்டிவரும்.

தேர்வு முடிவு வரும் காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். மாநில வாரிய முடிவு மே மாதம் வந்துவிடும். என்.ஐ.ஓ.எஸ். முடிவு பெரும்பாலும் ஜூனில். கலை அறிவியல் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகளும் மே மாதத்திலேயே இடங்களை நிரப்பத் தொடங்கிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் வருடம், ஜனவரியிலேயே நான்கைந்து கல்லூரி அலுவலகங்களுக்குப் போய் "என்.ஐ.ஓ.எஸ். மாணவி, முடிவு ஜூனில் வரும், எப்படி விண்ணப்பிப்பது?" என்று கேட்டு வையுங்கள். போனில் கேட்டால் தெரியாது என்று வைத்துவிடுவார்கள்.

இதெல்லாம் சேர்க்கைக்கு. சேர்ந்த பிறகு தாக்குப்பிடிப்பது வேறு, அதுவும் உங்கள் அட்டவணையில் இல்லை. வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் பொதுவாகக் கேள்வி கேட்பார்கள், தானாகப் படிப்பார்கள். அதில் குறையே சொல்ல முடியாது. வராதது வேறு. மூன்று மணி நேரம் நிறுத்தாமல் கையால் எழுதுவது. சலிப்பான ஒருவர் ஒரு மணி நேரம் பேசுவதைக் கேட்டுக் குறிப்பெடுப்பது. அம்மா சொன்ன தேதி நகரும், அடுத்தவர் சொன்ன தேதி நகராது என்று தெரிந்துகொள்வது.

எழுத்துக்கு இந்த ஆண்டிலிருந்தே மாதம் ஒரு தாள், கடிகாரம் வைத்து, வீட்டுக்கு வெளியே. நூலகத்திலோ தெரிந்த டியூஷன் சென்டரிலோ நாலு பேர் நடுவில் உட்கார்ந்து எழுதட்டும். மற்ற இரண்டுக்கும் பதினாறு வயதில் ஒரு என்.பி.டெல். பாடம் எடுக்கச் சொல்லுங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்துவது, யார் வேண்டுமானாலும் சேரலாம். வாரா வாரம் அசைன்மென்ட், தேதி தாண்டினால் வாங்க மாட்டார்கள். கடைசியில் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். எட்டு வாரப் பாடம் ஒன்று போதும். மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் பரவாயில்லை. கல்லூரி எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

மிச்சமாகும் மதிய நேரத்தில், அவள் ஆசைப்படுகிற இரண்டு தொழிலையும் கிட்டத்தில் போய்ப் பார்க்கட்டும். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்து டாக்டரிடம் அனுமதி கேட்டுச் சனிக்கிழமை காலையில் போய் நிற்கலாம். மாட்டுக்கு ஊசி போடுவதையும் கன்று மாட்டிக்கொண்ட பிரசவத்தையும் பார்த்த பிறகும் வேண்டும் என்றால் அது நிஜமான ஆசை. பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கு அவள் அப்பா ஒருநாள் கூட்டிப் போகட்டும். ஆர்க்கிடெக்சருக்கு வெளியே எங்கும் போக வேண்டாம். டேப்பை எடுத்து உங்கள் வீட்டையே அளந்து ஒன்றுக்கு ஐம்பது அளவில் பிளான் வரையச் சொல்லுங்கள். படிக்கட்டு ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, மதியத்தில் எந்த அறை ஏன் கொதிக்கிறது என்று எழுதட்டும். செய்வதையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் வைத்துக்கொள்ளட்டும். கட்டுரையும் நேர்காணலும் வைத்துச் சேர்க்கும் பல்கலைக்கழகங்களில் இந்த நோட்டு பேசும். கோடிங் வகுப்பை நிறுத்திவிடலாம். வயலின் யாருடைய யோசனை என்று கடிதத்தில் இல்லை. அவள் யோசனை என்றால் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் யோசனை என்றால் அவளைக் கேளுங்கள்.

மாமியாருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது இது. என்.ஐ.ஓ.எஸ். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் 1989 முதல் நடக்கும் வாரியம். நீட் எழுதத் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தடை போட்டிருந்தார்கள். 2018ல் தில்லி உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. பொறியியல் கலந்தாய்வில் மாநில வாரியம் தவிர்த்த மற்ற வாரியங்களின் மதிப்பெண்களைச் சமன்படுத்திக் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என்று 200க்குக் கட்ஆஃப் போடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை வரும் அதே ரேங்க் பட்டியலில்தான் பேத்தியும் வருவாள். அவர் கேட்பதில் நியாயம் இருக்கும் ஓர் இடமும் உண்டு: ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் விதிமுறைக் கையேட்டிலும் எந்தெந்த வாரியம் செல்லும் என்ற பத்தியை அந்தந்த வருடம் படித்தே ஆக வேண்டும். போன வருடம் இருந்தது இந்த வருடமும் இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

கொழுந்தனாரின் எஸ்.ஏ.டி.க்கு இப்போது அவசரமே இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில அதைக் கட்டாயம் கேட்கின்றன, எம்.ஐ.டி. 2022ல் மறுபடி கட்டாயமாக்கியது. பல இடங்களில் கட்டாயம் இல்லை. எல்லாரும் கேட்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பிள்ளை என்ன படித்தது என்ற விவரம். வீட்டில் படித்த பிள்ளைக்கு அதைப் பெற்றோரே எழுதித் தர வேண்டும். அதனால் இந்த ஜூனிலிருந்து எந்தப் பாடம், எந்தப் புத்தகம், எத்தனை மாதம், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒரு பக்கக் கணக்கு எழுதி வாருங்கள். எஸ்.ஏ.டி.யைப் பற்றிப் பதினோராம் வகுப்புப் பாதியில் பேசிக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அதற்குள் அவள் பத்தாம் வகுப்புக் கணக்கில் எவ்வளவு எடுத்தாள் என்பதும் தெரிந்திருக்கும்.